கிடப்பில் கிடந்த சைக்கிளுக்கு முந்தின நாளே காற்றடியுங்கள்

மாதக்கணக்கில் ஓடாத சைக்கிளை ஞாயிற்றுக்கிழமை எடுப்பதாக இருந்தால், சனிக்கிழமை சாயங்காலமே காற்றடித்து வையுங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவைத் தாண்ட வேண்டாம். காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். கல்லுபோல இருந்தால் தாராளமாகக் கிளம்பலாம்.

சும்மா நிற்கும் சைக்கிளில் ரப்பர் வழியாகவே காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். அதனால் டயர் தட்டையாகக் கிடப்பதை வைத்து மட்டும் பஞ்சர் என்று முடிவு கட்ட முடியாது. உண்மையான மெல்லிய கசிவோ வெளியே தெரியச் சில மணி நேரம் பிடிக்கும். காலையில் அடித்துவிட்டு உடனே கிளம்பினால் அது பாதி வழியில்தான் காலை வாரும். ராத்திரியில் இறங்கியிருந்தால் முதலில் வால்வு வாயில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் கோளாறு வால்வில். ட்யூபைக் கழற்றும் வேலை மிச்சம்.

ட்யூப்லெஸ் டயருக்கு இந்த ராத்திரிச் சோதனை சரிப்படாது. உள்ளே ஊற்றிய சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) காய்ந்துபோனால் பஞ்சர் இல்லாமலேயே காற்று இறங்கும், புதிதாக ஊற்றத்தான் வேண்டும். லேடெக்ஸ் (மெல்லிய இயற்கை ரப்பர்) ட்யூபும் ஒரே ராத்திரியில் தளர்வது இயல்பு. டயரின் பக்கவாட்டு வெடிப்பில் நூல் தெரிகிறதா? காற்று நின்றாலும் நம்பாதீர்கள், டயரையே மாற்றிவிடுங்கள்.