பழைய ஒற்றைத் தோட்டா ரைபிள்கள்: வாங்கும்போதும் சுடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த காலம் தொடங்கி முதல் உலகப் போர் வரை, ஒரே ஒரு தோட்டாவை ஏற்றிச் சுடும் இலக்கு ரைபிள்களுக்கு அந்த நாட்டில் தனி மவுசு இருந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் ஊர்தோறும் ஷூட்சன் எனப்படும் துப்பாக்கி சுடும் சங்கங்கள் வைத்திருந்தார்கள். 200 கெஜத் தொலைவில் உள்ள இலக்கை, நின்ற நிலையில், எதன்மீதும் சாய்க்காமல் சுடுவது அவர்களுடைய போட்டி. வின்செஸ்டர் 1885, மார்லின் நிறுவனத்தின் பல்லார்டு, ஷார்ப்ஸ்-போர்ச்சார்ட், ரெமிங்டன்-ஹெப்பர்ன், ஸ்டீவன்ஸ் ஐடியல் என்று இன்று சேகரிப்பவர்கள் தேடும் பெயர்கள் எல்லாம் அந்தக் காலத்தவை. 1901இல் கொலராடோவில் சி. டபிள்யூ. ரோலண்ட், ஹாரி போப் என்ற கைவினைஞர் செய்த குழல் பொருத்தி, 32-40 தோட்டாவைச் சுடும் ரைபிளைத் தாங்கலில் வைத்து 200 கெஜத்தில் பத்துக் குண்டுகள் சுட்டார். மையத்துக்கு மையம் அளந்தால் பத்தும் முக்கால் அங்குலத்துக்குள் அடங்கின.

அந்தத் துல்லியத்தைத் தந்தது துப்பாக்கி மட்டுமல்ல. குழல், அந்தக் குழலுக்கென்றே வெட்டிய குண்டு அச்சு, குண்டை உள்ளே செலுத்தும் கருவி, வெடிமருந்தின் அளவு எல்லாமே ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்தவை. இப்போது வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கூட்டை மறப்பதால் வருகின்றன.

பெயருக்குக் கொடுக்கும் விலை

ஹாரி போப் செய்த குழல் என்றால் விலை எகிறும். அதனாலேயே குழலில் பொறித்த பெயரை மட்டும் நம்பிப் பணம் எடுத்துவிடக் கூடாது. முத்திரையைப் பின்னாளில் யாரும் குத்தலாம். அவருடைய வேலைக்கென்று அடையாளங்கள் உண்டு: குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய எட்டுப் பள்ளங்கள், இடப்பக்கச் சுழற்சி, பின்புறம் தளர்வாகத் தொடங்கி வாய்ப்பக்கம் போகப் போக இறுகும் புரி. குழலின் உள்ளே பார்க்காமல் இதையெல்லாம் உறுதி செய்ய முடியாது. இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 1901இல் போப் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகிவிட்டார். அதற்குப் பிறகும் ‘ஸ்டீவன்ஸ்-போப்’ முத்திரையுடன் குழல்கள் வந்தன. அவையும் நல்ல குழல்கள்தான். ஆனால் அவர் கையால் செய்தவை என்ற விலைக்கு அவற்றை வாங்குவது வேறு கதை.

போப் முறைக் குழல்கள் பலவற்றில் குண்டை முன்பக்கமாகவே ஏற்றுவார்கள். அதற்கு ஃபால்ஸ் மசில் என்ற துண்டு வேண்டும். புரி வெட்டுவதற்கு முன்பே அதே குழலின் நுனியை அறுத்தெடுத்து, ஊசிகளால் மீண்டும் பொருத்தி, இரண்டையும் சேர்த்தே புரி வெட்டுவார்கள். ஆகவே ஒரு குழலின் துண்டு இன்னொரு குழலுக்குச் சேராது. அது தொலைந்துபோன ரைபிளைப் பலர் ‘அப்புறம் தேடிக்கொள்ளலாம்’ என்று வாங்குகிறார்கள். தேடினாலும் கிடைக்காது. குண்டு அச்சும் கிட்டத்தட்ட அப்படித்தான். அந்தந்தக் குழலுக்கென்று வெட்டிய அச்சைத் தனியாக விற்றுவிட்ட ரைபிளைப் பார்த்தால் எனக்கு ரைபிளின்மேல் பரிதாபமும் விற்றவர்மேல் கோபமும் வரும்.

மெருகேற்றுவது அடுத்த தவறு. ரிசீவரில் (குழலும் பூட்டும் பொருந்தும் உலோக உடல்) மிஞ்சியிருக்கும் பழைய வண்ணத் திட்டுகள், பழுப்பேறிய குழல், கைபட்டு மங்கிய கட்டை ஆகியவற்றுக்குத்தான் விலை. தேய்த்துப் பளபளப்பாக்கினால் எழுத்தின் விளிம்புகள் மழுங்கும். தெரிந்தவர்கள் தூரத்திலிருந்தே கண்டுகொள்வார்கள். ஆனால் போட்டி ரைபிள்களில் மாற்றம் எல்லாமே கெடுதல் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்திலேயே குழலை மாற்றினார்கள், கட்டையை மாற்றினார்கள், உள்ளங்கைத் தாங்கி சேர்த்தார்கள். ஷோயென் என்ற கைவினைஞரின் குழல் போட்ட பல்லார்டு அக்காலத்து மாற்றம்தான், அதற்கு மதிப்பும் உண்டு. 1920களுக்குப் பிறகு சிறு விலங்கு வேட்டைக்காக 22 ஹார்னெட் போன்ற புதிய தோட்டாக்களுக்குக் குழல் மாற்றியவை வேறு வகை. அவற்றைச் சுடுவதற்கென்று மலிவாக வாங்கலாம், சேகரிப்புக்கென்று வாங்க வேண்டாம்.

சட்டத்திலும் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 வரை செய்தவையே ‘ஆன்டிக்’, அதாவது பழம்பொருள். ‘மாடல் 1885’ என்ற பெயரைப் பார்த்துவிட்டு எல்லாமே அதில் அடங்கும் என்று நினைக்கிறார்கள். வின்செஸ்டர் அந்த மாடலை 1920 வாக்கில்தான் நிறுத்தியது. 1903இல் வந்த ஸ்டீவன்ஸ் 44½ எதுவும் இந்த வரம்புக்குள் வராது. கணக்கில் வருவது ரிசீவர் செய்யப்பட்ட ஆண்டு. மாநிலச் சட்டங்கள் தனி.

சுடுவதற்கு முன்

ஸ்டீவன்ஸ் 44, ஸ்டீவன்ஸ் 44½ இரண்டையும் பக்கத்தில் வைத்தால் புதியவருக்கு வித்தியாசம் தெரியாது. 44இன் ரிசீவர் வார்ப்பு, குழலின் பின்புறத்தை அடைக்கும் பூட்டும் கட்டை சாய்ந்து மூடும். 44½ அடித்து உருவாக்கிய எஃகு, அதன் கட்டை செங்குத்தாக ஏறி இறங்கும். முன்னதற்குக் கருமருந்தின் (புகை கக்கும் பழைய வெடிமருந்து) அழுத்தமே எல்லை. ‘ஸ்டீவன்ஸ் 32-40க்கு இந்த அளவு மருந்து சரி’ என்று யாராவது சொன்னால், எந்த ஸ்டீவன்ஸ் என்று கேளுங்கள்.

குழலில் பொறித்திருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். நூறு வருடத்தில் யாராவது தோட்டா அமரும் அறையைத் திருத்தியிருக்கலாம், பழைய குழலின் உட்பக்கத்தைப் புதுப்பித்திருக்கலாம். அறைக்குள் அச்சு வார்த்து எடுத்து அளப்பதும், மெல்லிய ஈயக்குண்டைக் குழல் வழியே தள்ளிப் பள்ளத்தின் விட்டத்தைக் காண்பதும் அரை நாள் வேலை. அதைச் செய்யாமல் தோட்டா வாங்குவது வீண்செலவு. பெயர்க் குழப்பத்துக்கு ஓர் உதாரணம்: 25-20 சிங்கிள் ஷாட் வேறு, வின்செஸ்டரின் 25-20 வேறு. முதலாவது நீண்டு மெலிந்தது, இரண்டாவது கழுத்து ஒடுங்கிய குட்டை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடியாது.

பூட்டும் கட்டை ஆடுகிறதா, நெம்புகோல் தானாகத் தொங்குகிறதா, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் அடிமுள் வரும் துளை அகன்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பழைய அடிமுட்கள் பருத்தவை. அழுத்தம் கூடினால், தோட்டாவின் அடியில் தீமூட்டும் பிரைமரின் உலோகம் அந்தத் துளைக்குள் பிதுங்கும். துளையில் புஷ் (உலோக வளையம்) அடித்துச் சிறு முள் பொருத்துவது பழைய பழுதுபார்ப்பு முறைதான், தெரிந்த துப்பாக்கிக் கொல்லரிடம் செய்துகொள்ளலாம்.

மருந்துதான் பெரிய ஆபத்து

32-40 என்றால் 32 காலிபர் (குழலின் விட்டம்), 40 கிரெய்ன் எடையுள்ள கருமருந்து. அந்தப் பித்தளைக் கூடு கருமருந்துக்காகவே வடிவமைத்தது, அளவான மருந்தைப் போட்டால் கூடு நிறைந்துவிடும். கூடுதலாகப் போட இடமே இருக்காது. புகையில்லா மருந்தில் இந்தக் காப்பு இல்லை. அதன் சிறிய அளவு கூட்டின் அடியில் எங்கோ கிடக்கும். மறந்துபோய் இரண்டு முறை போட்டாலும் வழியாது, வெளியே தெரியாது. இந்த ரைபிள்கள் உடைந்ததற்கு இதைவிடப் பழக்கமான காரணம் இல்லை என்றே சொல்வேன். ஒவ்வொரு கூட்டிலும் போட்ட உடனே விளக்கடித்துப் பார்ப்பதும், பேச்சுக் கொடுப்பவரிடம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்வதும் மரியாதைக் குறைவல்ல. கருமருந்து அளக்கும் கரண்டியால் புகையில்லா மருந்தை அதே கொள்ளளவு அளந்து போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அது நேரே கையையும் கண்ணையும் இழக்கும் வழி.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. கொஞ்சம் புகையில்லா மருந்து அடியில் கிடந்து மேலே காலியாக இருப்பதைப் பார்த்து, மருந்து நகராமல் இருக்கட்டும் என்று மேலே ஒரு வில்லையோ பஞ்சோ அடைக்கிறார்கள். இலக்கில் குண்டுகள் நெருங்கி விழுவதும் உண்மை. ஆனால் குண்டுக்கும் மருந்துக்கும் இடையில் வெற்றிடம் விட்டு இப்படி அடைக்கும்போது, அடைப்பு பாய்ந்து குண்டின் அடியில் மோதும் இடத்தில் அறையின் சுவரில் மெல்லிய வளையம் விழக்கூடும். முதல் வெடியில் தெரியாது. நாளடைவில் சுட்ட கூடு வெளியே வர மறுக்கும், அப்போதுதான் தெரியும். அதற்குள் குழல் போய்விட்டிருக்கும். நூற்றாண்டு பழைய குழலை இப்படிக் கெடுத்தவர்கள் நிறைய.

தொழிற்சாலைத் தோட்டாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. 32-40, 38-55 இரண்டையும் பிற்பாடு வின்செஸ்டர் 1894 லீவர் ரைபிளிலும் சுட்டார்கள். அதே பெயரில், செம்பு உறை போட்ட குண்டுகளுடன், அதிவேகத் தோட்டாக்களும் விற்பனைக்கு வந்தன. பழைய மென்மையான குழலில் உறைபோட்ட குண்டு புரியைத் தேய்க்கும். ஈயமும் வெள்ளீயமும் 20க்கு 1 முதல் 30க்கு 1 வரை கலந்து வார்த்த குண்டுதான் இவற்றுக்கு ஏற்றது.

சுடும் மேடையில்

ஷூட்சன் ரைபிள்களில் இரட்டை விசை இருக்கும். பின்விசையை இழுத்து ஏற்றிவிட்டால் முன்விசையை விரல் தொட்டாலே வெடிக்கும். இலக்கில் கண் நிற்கும் முன் அதை ஏற்றக் கூடாது. சுடாமல் விட முடிவெடுத்தால் குழலை இலக்குப் பக்கமே வைத்து, பூட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துவிட்ட பிறகுதான் பேச்சு.

ஃபால்ஸ் மசிலைக் கழற்ற மறந்து சுடுவது நடக்காத விஷயமல்ல. பழைய கைவினைஞர்களும் இதை அறிந்தே அதன்மேல் ஒரு குமிழைப் பொருத்தினார்கள், குறிபார்க்கும்போது பார்வையை மறைக்கட்டும் என்று. அழகுக்காக வைத்தது என்று நினைத்து அதை அகற்றியவர்கள் இருக்கிறார்கள்.

சுத்தம் செய்யும்போது துடைக்கும் கோலை வாய்ப்பக்கமிருந்து விடாதீர்கள். குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் விளிம்பு தேய்ந்தால் துல்லியம் போகும். கருமருந்து சுட்டால் அன்றைக்கே நீர் விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். நாளைக்கு என்று தள்ளினால் துரு உட்காரும்.

பழைய பெட்டியிலிருக்கும் அசல் தோட்டாக்களைச் சுடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அக்காலப் பிரைமரின் உப்பு குழலை அரிக்கும், சிலவற்றில் இருக்கும் பாதரசம் பித்தளையை நொறுங்கச் செய்யும். பிரிக்காத ஒரு பெட்டிக்குச் சேகரிப்பாளரிடம் நல்ல விலை உண்டு. அதைக் கொடுத்துவிட்டுப் புதிய கூடுகள் வாங்கிக்கொள்ளலாம்.