குழந்தைக்குத் தயாராகும் ஆண்களுக்கு ஒரு மூன்று மாதத் திட்டம்

கல்யாணமாகி ஆறு மாதம் ஆனால் போதும், நெல்லைப் பக்கம் "என்னம்மா, விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கேள்வியெல்லாம் பெண்ணிடம்தான். ஸ்கேன், மாத்திரை, விரதம் எல்லாம் அவள் தலையில்தான். ஆனால் குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது. அதனால் இதைத் தம்பிமார்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். விரையில் ஓர் உயிரணு (விந்தணு) உருவாகி முடிய 70 முதல் 75 நாள் ஆகும். பிறகு விரையை ஒட்டிச் சுருண்டிருக்கும் குழாயில் கிடந்து நீந்தும் திறன் பெற இன்னும் பல நாள். ஆக, இன்று வெளிவரும் உயிரணு சுமார் மூன்று மாதத்துக்கு முன் உருவாகத் தொடங்கியது. இன்று பழக்கத்தை மாற்றினால் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்க வேண்டும். போன மாதம் டெங்கு வந்து காய்ச்சலில் கிடந்தவருக்கு இப்போது எண்ணிக்கை குறைந்திருந்தால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

படி 1: விட வேண்டியதை விடுங்கள்

பீடி, சிகரெட், புகையிலை மூன்றையும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடித்தட்டு இருக்கும், கை நீட்டினால் பீடி கிடைக்கும். விடுவது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் புகை உயிரணுவின் எண்ணிக்கை, ஓட்டம் இரண்டையும் குறைக்கிறது, அதற்குள் இருக்கும் மரபுப்பொருளையும் கெடுக்கிறது. குடி அதிகமானால் அதுவும் கெடுதல்தான்.

ஜிம் ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடும் பையன்கள் இப்போது நிறைய. ஆண்மைக்கான ஹார்மோன்தானே, நல்லதுதானே என்று நினைக்கிறார்கள். வெளியிலிருந்து அந்த ஹார்மோன் வந்தால், "இனி நாம் எதற்கு" என்று மூளை விரைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். உயிரணு உற்பத்தி படுத்துவிடும். பார்க்க ஆள் கட்டுமஸ்தாக இருப்பார், ரிப்போர்ட்டில் உயிரணு பூஜ்யம் என்று வரும். நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

படி 2: சூட்டைக் குறையுங்கள்

விரை உடம்புச் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் வேலை செய்யும். வீட்டில் சாரம் (கைலி) கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கமான ஜட்டி, அதற்கு மேல் ஜீன்ஸ் என்று நாள் முழுக்க இருக்க வேண்டாம். 656 ஆண்களை வைத்து ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தளர்வான உள்ளாடை போடுகிறவர்களுக்கு உயிரணு அடர்த்தி 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. மடியில் லேப்டாப் வேண்டாம். லாரி ஓட்டுகிறவர்கள், அல்வா அடுப்பில் நிற்கிறவர்கள், செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள் இடையிடையே எழுந்து விலகிக் காற்று வாங்குங்கள்.

படி 3: வயலில் மருந்து அடிப்பவர்களுக்கு

சட்டை இல்லாமல், செருப்பில்லாமல், வாயில் துணி கட்டாமல் மருந்து அடிப்பது தாமிரபரணிப் பாசனம் முழுக்கப் பார்க்கிற காட்சி. 1977-ல் கலிபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற நூற்புழுக் கொல்லியைத் தயாரித்த தொழிற்சாலையில், தொழிலாளர்கள் பலருக்கு உயிரணு குறைந்தோ இல்லாமலோ போனது வெளியே வந்தது. எல்லா மருந்தும் அவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் முழுக்கைச் சட்டை, கையுறை, பூட்ஸ், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள். காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு அப்புறம் டீ குடியுங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

படி 4: சாப்பாடு

தனியாக ஒன்றும் வாங்க வேண்டாம். உவரி, கூட்டப்புளிப் பக்கமிருந்து வரும் சாளை, முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, பழம் போதும். தொப்பையும் சர்க்கரையும் இருந்தால் கட்டுப்படுத்துங்கள். பஸ் ஸ்டாண்ட் சுவரில் விளம்பரம் ஒட்டும் லேகியக்காரர்களிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்காதீர்கள். துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் சோதித்து 2020-ல் முடிவு வெளியிட்டார்கள். உயிரணுவின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை.

படி 5: நாள் கணக்கு

பெண்ணின் உடம்புக்குள் உயிரணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், கருமுட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். அந்த நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் முக்கியம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால் கணக்குப் பார்க்காமலே இந்த நாட்கள் அமைந்துவிடும். "சேர்த்து வைத்தால் சத்து கூடும்" என்பது தவறு. துபாயில் இருந்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருகிறவர்கள், மாதம் ஒருமுறை சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ் பிடித்து வருகிறவர்கள், பிரிந்திருந்த மாதங்களைக் குழந்தைக்கு முயன்ற காலக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்காகப் பெண்ணைக் குறை சொல்லவும் விடாதீர்கள்.

படி 6: செமன் டெஸ்ட் (விந்துப் பரிசோதனை)

ஒரு வருடம் முயன்றும் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள். செலவு குறைந்தது, வலியில்லாதது ஆண் பரிசோதனைதான். அதை முதலிலேயே செய்துவிட்டால் மனைவிக்குத் தேவையில்லாத ஊசிகள் மிச்சம்.

இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுப் போங்கள். லேபில் கொடுக்கும் டப்பாவிலேயே எடுங்கள், ஆணுறையில் எடுக்கக் கூடாது. முதலில் வரும் துளிகளில்தான் உயிரணு அதிகம். அது சிந்திவிட்டால் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் ரிப்போர்ட் பொய்யாக வரும். ஒரு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். அம்பாசமுத்திரம், வள்ளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் பேசாமல் லேபிலேயே கொடுத்துவிடுங்கள். பக்கத்தில்தான் வீடு என்றால் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவாருங்கள். பைக் பெட்டியில் வெயிலிலும் வேண்டாம், ஐஸிலும் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் எல்லை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு, அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். "நாலு சதவீதம்தான் நல்லதா?" என்று பயப்படாதீர்கள். இயல்பாகக் குழந்தை பெற்றவர்களிலும் அந்த அளவு உண்டு. குறைவாக வந்தாலும் ஒரே டெஸ்ட்டை வைத்து முடிவெடுக்காமல், சில வாரம் கழித்து இன்னொன்று எடுங்கள்.

இரண்டாவதும் குறைவு என்றால் சிறுநீரக அறுவை மருத்துவரைப் பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கே போகலாம். விரைக்கு மேல் ரத்தக் குழாய் புடைக்கும் வேரிகோசீல் இருக்கிறதா என்று நிற்க வைத்துக் கையால் பார்ப்பார்கள், கூச்சப்படாதீர்கள். சிறு வயதில் விரை இறங்காமல் ஆபரேஷன் ஆனது, வயதுக்கு வந்த பிறகு பொன்னுக்குவீங்கி வந்து விரை வீங்கியது, குடலிறக்க ஆபரேஷன், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.