சாயும் பக்கமே திருப்புங்கள்: வளர்ந்தபின் சைக்கிள் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகள்

என் அண்ணன் குரங்குப் பெடல் போட்டுச் சைக்கிள் பழகியபோது கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடியவள் நான். மணிக்கணக்கில் எடுத்த வாடகை சைக்கிள். பாரைத் தாண்டிக் காலைப் போட அவனுக்கு உயரம் போதாது. அதனால் வலது காலை முக்கோணச் சட்டத்துக்குள் நுழைத்து, ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறுகையில் பாருமாக, உடம்பை ஒரு பக்கம் வளைத்து மிதிப்பான். விழுவான். முழங்காலில் எச்சில் தொட்டு வைத்துக்கொண்டு மறுபடியும் ஏறுவான். வாடகை நேரம் முடிவதற்குள் இன்னும் எத்தனை முறை ஏறலாம் என்பது ஒன்றுதான் அவனுக்குக் கவலை.

என் முறை அன்றைக்கு வரவில்லை. 41 வயதில் நானாகப் பழகப் போனேன். அவன் செய்யாத தவறுகளையெல்லாம் வரிசையாகச் செய்தேன்.

முதல் தவறு, காலண்டரில் வட்டம் போட்டது. மாதக் கடைசிக்குள் கடைத்தெரு வரை ஓட்டிவிட வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தேன். அந்த வட்டம் நெருங்க நெருங்க, ஒவ்வொரு முறை விழுவதும் நஷ்டக் கணக்காகவே தெரிந்தது. அண்ணன் வைத்துக்கொண்ட இலக்கு வேறு மாதிரி: அந்தப் புளியமரம் வரை கால் ஊன்றக் கூடாது. ஊன்றிவிட்டால்? திரும்பி வந்து முதலிலிருந்து. அவ்வளவுதான்.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் ஏனோதானோவென்று செய்யச் சொல்வதாகச் சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். பாண்டி ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். கோட்டை மிதித்தால் அவுட்; அழுதாலும் விடமாட்டார்கள். ஆனால் அவுட் ஆனவள் தன் முறை வரும்வரை காத்திருந்தால் போதும். விதி கறாரானது, தண்டனை அற்பமானது. நாமோ விதியில் எவ்வளவு வேண்டுமானாலும் சலுகை கொடுத்துக்கொள்கிறோம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று. தண்டனையைத்தான் பெரிதாக்கிவிடுகிறோம்: இரண்டு முறை விழுந்ததும் ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று ஆயுள் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அடுத்தது, விழாமலே பழகிவிடப் பார்ப்பது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரையும் வலப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் சாயும் உடம்புக்கு அடியில் வந்து தாங்கிக்கொள்ளும். பயந்தவரின் கையோ எதிர்ப்பக்கம் திருப்புகிறது. தொப்பென்று விழுவது அதனால்தான். இதைக் காதால் கேட்டால் புரியும், ஆனால் கை பழகாது. சாய்ந்து சாய்ந்து பார்த்தால்தான் கைக்கு வரும். பின்சக்கரத்தின் இருபுறமும் மாட்டுகிற குட்டிச் சக்கரங்கள் சைக்கிளைச் சாயவே விடுவதில்லை. அவற்றால் பெடல் மிதிக்கப் பழகலாம், பேலன்ஸ் பழக முடியாது.

அதைவிட நல்ல வழி, இரண்டு பெடலையும் கழற்றிவிடுவது. இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதியும் அளவுக்கு சீட்டை இறக்கிக்கொண்டு, காலால் உந்தி உந்திப் போக வேண்டும். சாய்ந்தால் கால் தயாராக இருக்கும். மூன்று உந்தலுக்கு ஒருமுறை இரு கால்களையும் தூக்கி, எத்தனை எண்ணும் வரை ஊன்றாமல் போக முடிகிறது என்று பார்க்கலாம். (இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். அது தெரியாமல் அரை மணி நேரம் அதை இறுக்கிக்கொண்டிருந்தேன்.)

விழுவதற்கு அதிக விலை வைப்பது மூன்றாவது தவறு. புதுச் சைக்கிளை வாங்கித் தெருவில் இறங்கினால், உடம்பில் படும் சிராய்ப்பைவிடப் பெயின்ட்டில் படும் சிராய்ப்புக்கே மனம் பதறும். பழைய சைக்கிளும் மண் தரையும் போதும். மனித சக்தியால் மட்டுமே பறக்கும் விமானத்துக்கு 1959-இல் அறிவிக்கப்பட்ட கிரெமர் பரிசை 1977-இல் வென்ற அமெரிக்கர் பால் மெக்ரெடி செய்ததும் ஏறக்குறைய இதுதான். மெல்லிய அலுமினியக் குழாய், கம்பி, பிளாஸ்டிக் தாள், ஒட்டு டேப் ஆகியவற்றால் அவருடைய குழு விமானம் கட்டியது. அது நொறுங்கினால் சீக்கிரமே ஒட்டி, மாற்றிக் கட்டி, மறுபடி பறக்கவிட்டுப் பார்க்க முடிந்தது. அழகாக இழைத்துச் செய்தவர்கள் ஒருமுறை விழுந்தால் எழுந்திருக்க வெகுகாலம் பிடித்தது.

தனியாக, பலர் பார்க்கப் பழகுவது இன்னொரு தவறு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தறிவுடன் சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். ஊரார் கேலி பேசாமல் இல்லை. ஆனால் கும்பலாகப் பழகும் இடத்தில் விழுவது யாருக்கும் தனி அவமானம் ஆகாது. இப்போது விழுந்தவள் அடுத்த நிமிடம் வேறொருத்தியின் கேரியரைப் பிடித்துக்கொண்டிருப்பாள். எனக்கு வாய்த்த கூட்டாளி பக்கத்து வீட்டுச் சிறுமி. விழுந்து எழுந்ததும் “எந்தப் பக்கம் விழுந்தீர்கள் அத்தை?” என்று கேட்டாள். அதுவரை எத்தனை முறை விழுந்தேன் என்றுதான் எண்ணிவந்தேன். பக்கத்தைக் கவனிக்கத் தொடங்கியபின் தெரிந்தது: எப்போதும் இடப்பக்கம்தான்.

பிரேக்கிலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். லாரி வரும் சாலையில் விழுந்து பழக முடியாது.

இப்போது கடைத்தெரு வரை போய் வருகிறேன். மாலையில் மைதானத்தில் இரண்டு செங்கல் வைத்து, லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்களைப் போல எட்டுப் போட்டுப் பழகுகிறோம். செங்கல்லைத் தொட்டால் அடுத்தவர் முறை. நேற்று ஏழாவது சுற்றில் செங்கல்மேலேயே ஏற்றிவிட்டேன். இடப்பக்க வளைவுதான், அங்கே இன்னும் கொஞ்சம் முன்னாலேயே திருப்பிப் பார்க்க வேண்டும்.