தரகரிடம் கையெழுத்துப் போடும் முன்: நிலம் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலம் விற்கிறவர்கள் பெரும்பாலும் தரகர் மூலமாகவே விற்கிறார்கள். அதில் தவறில்லை. அவர் நீட்டும் காகிதம் எது என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் தவறு.

தரகு ஒப்பந்தம் வேறு, கிரய ஒப்பந்தம் (இந்த விலைக்கு விற்கிறேன் என்று வாங்குபவரோடு எழுதுவது) வேறு, பவர் (உங்கள் சார்பில் செயல்பட ஒருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வேறு. வாங்குகிற ஆளைக் கொண்டுவந்தால் இவ்வளவு கமிஷன் என்பது தரகு ஒப்பந்தம். அதற்குப் பதிவு தேவையில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சே செல்லும், நிரூபிப்பதுதான் கடினம். ஆனால் சில இடங்களில் நடப்பது வேறு. சிறு தொகையை அட்வான்சாகக் கொடுத்துவிட்டு, தரகர் தம் பெயரிலேயே கிரய ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்கிறார். அதன்பின் அவர் உங்களுக்கு ஆள் தேடுகிறவர் அல்லர். உங்கள் நிலத்தைத் தமக்கு எழுதித் தரும்படி கேட்கக்கூடியவர். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் நிலம் தொடர்பான பவரையும் பதிவு செய்வது கட்டாயம். “பதியவில்லையே, என்ன ஆகிவிடும்?” என்று இருந்துவிடாதீர்கள். நிலத்தை எழுதித் தரச் சொல்லித் தொடரும் வழக்கில், பதிவாகாத கிரய ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

பவர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். சாதாரணப் பவரை ரத்து செய்யலாம். கொடுத்தவர் இறந்தாலும் அது முடிந்துவிடும். ஆனால் அந்தச் சொத்திலேயே தரகருக்குப் பாத்தியதை உண்டு என்று ஆகிவிட்டால், அதை ரத்து செய்யவிடாமல் ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆள் தேடித் தருகிறவருக்குப் பவர் எதற்கு? கொடுக்காதீர்கள்.

“எனக்குச் சென்ட்டுக்கு இவ்வளவு வந்தால் போதும், மேலே கிடைப்பது உனக்கு” என்ற பேச்சை நான் அடியோடு வெறுக்கிறேன். தரகர் உங்களுக்குத் தெரியாமல் தமக்கே லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 216-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. நீங்களே வாய்விட்டு விட்டுக்கொடுத்தபின் எதைக் கேட்பீர்கள்? கமிஷனைச் சதவீதமாகவோ ஒரே தொகையாகவோ பேசுங்கள். அது எப்போது சேரும் என்பதையும் எழுதுங்கள். ஆள் கொண்டுவந்ததுமே வேலை முடிந்தது என்று தரகர் வாதிடலாம்; “கிரயம் பதிவாகும் நாளில்” என்ற ஒரு வரி அந்தச் சண்டையைத் தடுக்கும். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, ஒப்பந்தக் கெடு ஆகியவையும் இருக்கட்டும். ஆறு மாதம் தாண்டிய முத்திரைத்தாள் செல்லாது என்று பயமுறுத்துவார்கள். செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-இலேயே சொல்லிவிட்டது.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஒரே நிலத்துக்குப் பங்காளிகள் வளைகுடாவிலும் மலேசியாவிலுமாக இருப்பார்கள். ஊரில் இருக்கும் அண்ணன் போடும் கையெழுத்து அவர் பங்கைத்தான் கட்டுப்படுத்தும். தம்பியையும் தங்கையையும் கட்டாது. வெளிநாட்டில் எழுதி அனுப்பும் பவருக்கு, அது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை செலுத்த வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதென்றால் 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் வந்துவிடும். அந்த மனைகளை விற்றுத் தரும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். தனியொருவர் தம் புஞ்சையை அப்படியே விற்பதற்கு இது பொருந்தாது.

கடலோர நிலத்துக்கு மட்டும் ஒன்று. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பின்படி, மக்கள் நெருக்கம் குறைந்த ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய ஓதத்தில் கடல்நீர் ஏறிவரும் எல்லை) 200 மீட்டர் வரை புதிய கட்டடங்களுக்குக் கடும் தடை இருக்கிறது. “தாராளமாக ரிசார்ட் கட்டலாம்” என்று உங்கள் தரகர் வாங்குபவரிடம் பொய் சொன்னால், ஒப்பந்தச் சட்டத்தின் 238-ஆம் பிரிவின்படி அது நீங்களே சொன்னதற்குச் சமமாகலாம். அப்படி வாக்குக் கொடுக்கத் தரகருக்கு அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உண்மை நிலையை வாங்குபவரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள்.