அம்மாவைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

லென்ஸ் வாங்கக் கிளம்பும் முன் வீட்டை அளந்து பாருங்கள். எங்களுடையது சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. அம்மா உட்காரும் நாற்காலியிலிருந்து எதிர்ச் சுவர் மூன்று மீட்டர்தான். அதை யோசிக்காமல் நான் முதலில் வாங்கியது 85 மி.மீ. லென்ஸ். என் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் ஏபிஎஸ்-சி என்னும் சிறிய வகை; அதில் 85 என்பது ஃபுல் ஃபிரேம் என்னும் பெரிய சென்சார் கணக்கில் ஏறக்குறைய 127, அதாவது இன்னும் குறுகலாகத்தான் தெரியும். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் அம்மாவின் தலையும் தோளும்தான் அடங்கின. முருங்கைக்கீரை உருவும் கை வரவில்லை. எனக்கு வேண்டியதே அந்தக் கைதான்.

இப்போது 35 மி.மீ., எஃப் 1.8. எஃப் எண் லென்ஸின் வாய்த் திறப்பைச் சொல்வது; எண் சிறிதானால் திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம், ஆனால் தெளிவாக விழும் ஆழம் குறைவு. ஃபுல் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கு 50. சிட்டி ஹால் பக்கம் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய லென்ஸ் கிடைக்கும். வாங்கும்போது கைப்பேசி விளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல் தெரிந்தால் பூஞ்சை. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

அகலக் கோண லென்ஸோடு முகத்துக்குக் கிட்டே போகாதீர்கள். மூக்கு பெருத்துக் காது பின்னால் போய்விடும். "என் மூஞ்சி இப்படியா இருக்கு?" என்று அம்மா கேட்டது அப்படி எடுத்த படத்தைப் பார்த்துத்தான். கிட்டே நிற்பதால் வரும் வினை அது. ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

நான் எடுப்பது காலை எட்டரை மணிக்கு, சமையலறைச் சன்னலோரம். கூரை விளக்கை அணைத்துவிடுவேன். இல்லாவிட்டால் முகத்தில் பாதி மஞ்சள், பாதி நீலம். எஃப் 2.8, ஷட்டர் 1/200 நொடி. ஒளி உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600 வரை ஏறினாலும் கவலையில்லை. என் பக்கம் இருக்கும் கண்ணில் ஃபோகஸ். "இங்க பாருங்கம்மா" என்று சொன்னால் அம்மாவின் உதடு இறுகிவிடும். தேக்கா சந்தையில் இன்று மீன் என்ன விலை என்று கேட்பேன். பதில் சொல்லிக்கொண்டே கீரைக் காம்பைப் பார்த்துக் குனிவார். அப்போது அழுத்துவேன்.

தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து பேர் கூடினால் வீடு போதாது. புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்குழி கறுத்துவிடும். கூரை நிழலில், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6. ஐந்தாறு தடவையாவது எடுங்கள். யாராவது ஒருவர் கண் சிமிட்டாமல் இருக்கமாட்டார்.

அப்புறம், நம் ஊர் ஈரப்பதம். குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி வியர்த்துவிடும். அரை மணி நேரம் முன்பே பைக்குள் வைத்து, மூடியபடியே வெளியே வைத்துவிடுங்கள். மற்ற நாட்களில் ஈரத்தைக் குறைக்கும் உலர்பெட்டியில், 45 விழுக்காடு ஈரப்பதத்தில் இருக்கட்டும்.