அறவியல் தத்துவத்தில் பேராசிரியராக விரும்புகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

நீதி என்றால் என்ன, அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை எங்கிருந்து வருகிறது, எங்கோ பசியில் சாகும் முன்பின் தெரியாத ஒருவருக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம்? இந்த மாதிரிக் கேள்விகளைச் சம்பளம் வாங்கிக்கொண்டே வாழ்நாள் முழுக்க யோசிக்கலாம் என்று தெரிந்ததும் சிலருக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். இன்ஜினியரிங் முடித்தவர், சட்டம் படித்தவர், யுபிஎஸ்சி தேர்வின் அறவியல் தாளுக்காகப் படிக்கப் போய் அதிலேயே மாட்டிக்கொண்டவர் என்று பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். ஆர்வத்தில் யாருக்கும் குறை இல்லை. இந்தத் துறையில் எதை வேலை என்று கருதுகிறார்கள் என்பது தெரியாமல்தான் பாதிப் பேர் திணறுகிறார்கள். முக்கியமான இதழ்களும் பணியிடங்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருப்பதால், அங்குள்ள வழக்கத்தை வைத்தே சொல்கிறேன்.

பெரிய தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். வலுவான கருத்து இருந்தால் போதும், அதுவே தத்துவம் என்று நினைத்துக்கொள்வது. சமத்துவம் வேண்டும், சுரண்டல் தவறு என்று நீங்கள் உறுதியாக நம்பலாம். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்களும் அதையே நம்பலாம். அவர்கள் தேடுவது அதையல்ல. ஒரு வாதத்தைக் கையில் எடுத்து, அது எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் உடைகிறது என்று உங்களால் காட்ட முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். பிஎச்.டி. விண்ணப்பத்தில் ‘ரைட்டிங் சாம்பிள்’ என்று 15 முதல் 20 பக்கத்துக்கு ஒரு கட்டுரை கேட்பார்கள். மதிப்பெண்ணும் கடிதங்களும் உங்களை வாசல் வரை கொண்டுபோகும், உள்ளே விடுவது பெரும்பாலும் அந்தக் கட்டுரைதான். நீதி பற்றி எதிரெதிர்க் கோட்பாடுகள் வைத்த ஜான் ரால்ஸ், ராபர்ட் நோசிக் என்ற இரு அமெரிக்கத் தத்துவவாதிகளைப் பிடித்துக்கொண்டு நம் ஆட்கள் அதில் அனுப்புவது ‘ரால்ஸ், நோசிக் நீதிக் கோட்பாடுகள்: ஓர் ஒப்பாய்வு’. ரால்ஸ் இப்படிச் சொன்னார், நோசிக் அப்படிச் சொன்னார், இரண்டிலும் நிறைகுறைகள் உண்டு. முடிந்தது கதை.

அதே விஷயத்தை எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். ராபர்ட் நோசிக் 1974-இல் வந்த தன் நூலில் ஓர் உதாரணம் வைக்கிறார். உங்களுக்கு எது நியாயமான பங்கீடோ, அதன்படியே எல்லாரிடமும் பணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வில்ட் சேம்பர்லின் என்ற கூடைப்பந்து வீரரின் ஆட்டத்தைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். ஒவ்வொரு டிக்கெட்டிலும் 25 சென்ட் அவருக்குத் தனியாகப் போகிறது. 10 லட்சம் பேர் வந்தால் அவர் கையில் 2,50,000 டாலர். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தொடக்கத்தில் இருந்த பங்கீடு நியாயம், இடையில் நடந்ததெல்லாம் மனமுவந்த பரிமாற்றம். அப்படியானால் முடிவில் வந்த ஏற்றத்தாழ்வில் என்ன அநியாயம்?

இதற்கு ஜி.ஏ. கோஹன் என்ற தத்துவவாதி 1977-இல் ஒரு பதில் எழுதினார். 25 சென்ட் கொடுப்பவர் ஆட்டத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார். அவ்வளவு பணம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது மற்றவர்கள் மீது அதிகாரமாக மாறும் என்று யோசிப்பதில்லை. தவிரவும், அந்தப் பரிமாற்றத்தில் கலந்துகொள்ளாத மூன்றாம் ஆட்கள் இருக்கிறார்கள். இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைகளும் அதில் சேர்த்தி. அவர்களை யாரும் கேட்கவில்லையே?

சரி, இங்கே நீங்கள் நுழையலாம். மூன்றாம் ஆள் பாதிக்கப்படுகிறார் என்பது மட்டுமே ஆட்சேபமாகிவிடுமா? நான் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டால், அவரை விரும்பிய இன்னொருவரும்தான் பாதிக்கப்படுகிறார். அவருக்கு என்மேல் புகார் சொல்ல உரிமை கிடையாதே. ஆக, கோஹனின் வாதம் நிற்க வேண்டுமானால், எல்லாப் பாதிப்பும் கணக்கில் வராது, பிறருடைய அதிகாரத்துக்குக் கீழே போகிற வகைப் பாதிப்புதான் கணக்கில் வரும் என்று அவர் கோடு போட்டாக வேண்டும். அந்தக் கோட்டைச் சும்மா இழுத்துவிட முடியுமா, இல்லை அதற்கே தனியாக ஒரு கோட்பாடு வேண்டுமா? 15 பக்கமும் இந்த ஒரே கேள்வி. ரால்ஸ் வேண்டாம், பிளேட்டோ வேண்டாம், ‘நீதி பற்றிய தேடல் மனிதகுலத்தின் ஆதிகாலம் தொட்டே’ என்ற முதல் பத்தி நிச்சயமாக வேண்டாம். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் இதைத்தான் அங்கே ஆராய்ச்சி என்கிறார்கள்.

எதிராளிக்கு விட்டுக்கொடுத்து வாதாடும் பழக்கமும் நம் படிப்பில் வருவதில்லை. ஜூடித் ஜார்விஸ் தாம்சன் என்ற தத்துவவாதி 1971-இல் கருக்கலைப்பு பற்றி எழுதிய கட்டுரையைப் பாருங்கள். கருவும் ஒரு முழு மனிதரே என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் அவர் ஆரம்பிக்கிறார். அப்படியே ஒப்புக்கொண்டாலும் கருக்கலைப்பு தவறு என்ற முடிவு தானாக வந்துவிடாது என்று காட்டுகிறார். எதிர்த் தரப்பின் பலவீனமான வடிவத்தைத் தேடிப்பிடித்து அடித்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கட்டுரையை இரண்டு தடவை படிக்கலாம்.

நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. ஒன்று, ‘திருக்குறளில் நீதிக் கோட்பாடு’ என்று எழுதி, வள்ளுவர் எல்லாவற்றையும் முன்பே சொல்லிவிட்டார் என்று முடிப்பது. இல்லாவிட்டால், ஊர் வாசனையே வரக் கூடாது என்று சாதியைப் பற்றி ஒரு வரி எழுதாமல் போவது. இரண்டுமே நஷ்டம் என்பேன். எலிசபெத் ஆண்டர்சன் என்ற தத்துவவாதி 1999-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, சமத்துவம் என்பது பொருள்களைப் பங்கிடுவது பற்றியதா, மனிதர்கள் ஒருவரையொருவர் எந்த நிலையில் வைத்து நடத்துகிறார்கள் என்பது பற்றியதா என்ற விவாதம் சூடுபிடித்தது. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வு அந்த விவாதத்துக்கு நடுவே போட வேண்டிய சரக்கு. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்றில்லாமல், கடைசிப் படியைத் தவிர ஒவ்வொரு படியில் இருப்பவருக்கும் தனக்குக் கீழே இன்னொருவர் இருக்கிற அமைப்பு அது. இதில் தவறு என்ன என்று சொல்ல இப்போதுள்ள கோட்பாடுகள் போதுமா என்று கேட்டால், அது நல்ல கேள்வி. ‘இந்தியப் பார்வை’ என்ற லேபிளே அதற்குத் தேவையில்லை.

எந்தத் துறைக்கு விண்ணப்பிப்பது என்பதிலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ரால்ஸை அமெரிக்காவில் இரண்டு துறைகளில் படிக்கலாம். தத்துவத் துறையில் அரசியல் தத்துவம், அரசியல் அறிவியல் துறையில் அரசியல் கோட்பாடு. புத்தகம் ஒன்றுதான், ஆனால் பயிற்சி வேறு, இதழ்கள் பாதி வேறு, கடைசியில் வேலைச் சந்தையும் வேறு. ஹாப்ஸ், அரெண்ட் போன்ற அரசியல் சிந்தனையாளர்களை வரலாற்றுப் பின்னணியோடு படிக்க ஆசைப்படுகிறவர் தத்துவத் துறைக்குள் போய் முதல் வருடமே தர்க்கவியல் பாடத்தில் முழிப்பதுண்டு. ஆக்ஸ்ஃபோர்டிலும் இதே பிரிவு உண்டு. தத்துவத்தில் பி.ஃபில். தனி, அரசியல் துறையின் கோட்பாட்டு எம்.ஃபில். தனி. பி.ஃபில். என்ற பெயரைப் பார்த்து இளங்கலை என்று எண்ணி ஒதுக்கியவர்களும் உண்டு. அது இரண்டு வருட முதுகலைப் படிப்பு, கடுமையான படிப்பும்கூட.

சிபாரிசுக் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மூன்று கடிதம் கேட்பார்கள். நம் ஊரில் முதலில் தோன்றுவது, பெரிய பதவியில் இருப்பவரைப் பிடிப்பது. துறைத் தலைவர், முன்னாள் துணைவேந்தர், முடிந்தால் ஒரு நீதிபதி. அவர்கள் ‘இவர் ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, இவருடைய எதிர்கால முயற்சிகள் வெற்றிபெற வாழ்த்துகிறேன்’ என்று நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அந்தக் கடிதம் உங்களுக்கு உதவாதது மட்டுமல்ல, உங்கள் எழுத்தைப் படித்த ஆசிரியர் ஒருவர்கூட இல்லையோ என்ற சந்தேகத்தையும் கிளப்பிவிடும். ‘நீங்களே எழுதிக்கொண்டு வாங்க, கையெழுத்துப் போடுறேன்’ என்பது இன்னும் மோசம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரியாமலா போகும்? உங்கள் கட்டுரையின் இரண்டாம் பகுதியில் இருந்த ஓட்டையைச் சொல்லி, அதை நீங்கள் எப்படி அடைத்தீர்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதக்கூடிய உதவிப் பேராசிரியர் கிடைத்தால், அவர் கடிதம் நீதிபதியின் கடிதத்தைவிடப் பத்து மடங்கு பெறும்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கையில் சிறுவயது ஞாபகங்கள் வேண்டாம். எந்தக் கேள்வியில் வேலை செய்ய விருப்பம், அந்தத் துறையில் யார் அதில் வேலை செய்கிறார்கள். அது போதும்.

வழிகாட்டியைப் புகழ் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பழைய தவறு. நீங்கள் படித்த புத்தகம் 30 வருடத்துக்கு முன்பு வந்திருக்கும், ஆசிரியர் ஓய்வுபெறும் வாசலில் நின்றுகொண்டிருப்பார். அமெரிக்காவில் பிஎச்.டி. முடிக்க 5, 6 வருடம் ஆகும், அதற்குள் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கே போய்விடலாம். ஒரே ஆளை நம்பிப் போகாதீர்கள், உங்கள் விஷயத்தில் இரண்டு, மூன்று பேராவது இருக்கும் துறையைப் பாருங்கள். அனுமதி வந்த பிறகு அங்கே இப்போது படிக்கும் மாணவர்களிடம் பேசுங்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும்.

அறவியல் பேராசிரியர்கள் என்பதால் எல்லாரும் அறத்தோடு நடப்பார்கள் என்று நம்பிப் போகிற அப்பாவிகளும் இருக்கிறார்கள். எரிக் ஷ்விட்ஸ்கெபல் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் இதையே ஆராய்ச்சியாகச் செய்தார். நூலகங்களில் காணாமல் போகும் தத்துவ நூல்களை எண்ணிப் பார்த்ததில், அறவியல் நூல்கள்தான் அதிகம் காணாமல் போயிருந்தன. ஜோஷுவா ரஸ்ட் என்பவரோடு சேர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாலூட்டிகளின் இறைச்சியைச் சாப்பிடுவது தவறு என்று அறவியலாளர்களில் சுமார் 60 சதவீதம் பேர் சொன்னார்கள், தத்துவம் சாராத பேராசிரியர்களில் 19 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். ஆனால் முந்தின இரவுச் சாப்பாட்டில் அந்த இறைச்சி இருந்ததா என்று கேட்டபோது இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதனால் உதவித்தொகை எத்தனை வருடம், கோடையில் சம்பளம் உண்டா, எத்தனை வகுப்பு எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் என்றதும் இன்னொன்று. கடன் வாங்கி இந்தத் துறையில் பிஎச்.டி. செய்யவே செய்யாதீர்கள். அமெரிக்காவில் நல்ல துறைகள் கல்விக்கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன. அது இல்லாத அனுமதியைப் பணிவான மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். தத்துவத்தில் இளங்கலை இல்லாதவர்கள், உதவித்தொகையோடு முதுகலை தரும் ஜார்ஜியா ஸ்டேட், நார்தர்ன் இல்லினாய் போன்ற இடங்களை முதலில் முயன்று பார்க்கலாம். உதவித்தொகையோடு வரும் அனுமதிக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருவது அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்ட வழக்கம். அதற்கு முன்பே அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

உள்ளே போன பிறகு செய்யும் தவறுகளில் முதன்மையானது, ரால்ஸைக் காட்டிச் சும்மா இருப்பது. அவர் 1921-இல் பிறந்தவர், நீதி பற்றிய பெரும் நூல் வந்தது 1971-இல். ‘50 வயதில்தானே முதல் புத்தகம்’ என்று மேற்கோள் காட்டுகிறவர்கள், 1951, 1955, 1958 என்று அவர் கட்டுரைகள் போட்டு ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்ததைச் சொல்வதில்லை. அதோடு, அவர் காலத்து வேலைச் சந்தை இன்று இல்லை. இன்னொரு எல்லையில், சி.வி.யை நிரப்புவதற்காகக் காசு கட்டிப் போலி இதழ்களில் போடுவது. தேர்வுக் குழு அதைக் கழித்துத்தான் கூட்டும். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்ற விதியும் சிலருக்குத் தெரிவதில்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், பெரும்பாலும் மறுப்புதான் வரும். அதனால் ஒரு கட்டுரை வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்ததைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சீனியர் கொடுத்த பழைய இதழ்ப் பட்டியலை அப்படியே நம்பவும் வேண்டாம். 1971-இல் தொடங்கிய ‘ஃபிலாசஃபி அண்ட் பப்ளிக் அஃபேர்ஸ்’ இதழின் ஆசிரியர் குழு 2024-இல் பதிப்பாளர் வைலியோடு முறைத்துக்கொண்டு கூண்டோடு ராஜினாமா செய்து, ‘ஃப்ரீ அண்ட் ஈக்வல்’ என்ற கட்டணமில்லாத இதழை அறிவித்தது. அதற்கு முந்தைய வருடம் ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் ஃபிலாசஃபி’யிலும் இதே மாதிரி பூகம்பம். பழைய பெயர் அப்படியே இருக்கலாம், அதற்குப் பின்னால் இருந்த ஆட்கள் இல்லை.

வேலைத் தேடலில் ‘ஏஓஎஸ்’, ‘ஏஓசி’ என்று இரண்டு எழுத்துக் கூட்டங்கள் வரும். முதலாவது உங்கள் ஆராய்ச்சித் துறை, இரண்டாவது நீங்கள் தைரியமாக வகுப்பெடுக்கக்கூடிய துறை. அறவியலுக்கு வரும் விளம்பரங்களில் நிறையவே மருத்துவ அறவியல், வணிக அறவியல், இப்போது செயற்கை நுண்ணறிவு அறவியல் என்று கேட்கிறார்கள். ஆறு வருடமும் ஒரே விவாதத்தில் உட்கார்ந்துவிட்டு, நர்சிங் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் எடுங்கள் என்றால் விழிக்க வேண்டியதுதான். மாணவராக இருக்கும்போதே அப்படி ஒரு பாடத்தை ஒரு தடவையாவது எடுத்துவிடுங்கள். விளம்பரங்கள் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வரும். கோடை முடிவதற்குள் எல்லாம் தயாராக இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. விசா கணக்கும் உண்டு. அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைக்கும் ஓபிடி என்ற அனுமதி, தத்துவத்துக்கு 12 மாதம்தான். ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்குப் பொதுவாகக் கிடையாது. அதனால் கையில் வேலை உறுதியாகும் வரை பட்டத்தை வாங்க அவசரப்படாமல், துறை அனுமதித்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு. அது புத்திசாலித்தனம்.

திரும்பி வந்து இந்தியாவில் பணியாற்றும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், கிளம்பும் முன்பே யுஜிசியின் 2018 விதிகளைப் படித்துவிடுங்கள். உதவிப் பேராசிரியர் பதவிக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு இல்லாமல் வெளிநாட்டு பிஎச்.டி.யை மட்டும் வைத்து விண்ணப்பிக்க வேண்டுமானால், அந்தப் பல்கலைக்கழகம் க்யூஎஸ், டைம்ஸ் உயர்கல்வி, ஷாங்காய் ஆகிய மூன்றில் ஏதாவது ஒரு தரவரிசையில், எப்போதாவது ஒரு முறையாவது, உலகின் முதல் 500-க்குள் வந்திருக்க வேண்டும். அவர்கள் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் இடத்தை. தத்துவத் துறை எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் வராது. உங்கள் பட்டியலில் அப்படி எல்லையில் நிற்கும் இடம் ஏதாவது இருந்தால், முதுகலை முடித்த கையோடு நெட்டை எழுதிவைத்துவிட்டு விமானம் ஏறுவது நல்லது.