இரண்டு மின்ட்டும் ஒன்றல்ல: பழுது பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பாதி, தோட்டத்து வீடுகளில் அக்காவிடமிருந்து தம்பிக்குக் கைமாறியவை. விண்டோஸைத் தாங்காதவற்றுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பேன். வேலை பழக வரும் தம்பிகள், 2022இல் நான் செய்த அதே தப்பைச் செய்யும்போது மனம் பதறுகிறது. பேக்கப் எடுக்காதது போன்றவை இங்கே வேண்டாம், எல்லாருக்கும் தெரியும்.

டெபியனில் உபுண்டுவைக் கலப்பது

மின்ட்டில் இரண்டு வகை உண்டு. வழக்கமான மின்ட் 21, உபுண்டு 22.04 என்ற லினக்ஸின் மேல் நிற்கிறது. எல்எம்டிஇ 5 என்ற மற்ற மின்ட், டெபியன் 11 என்ற வேறொரு லினக்ஸின் மேல் நிற்கிறது. திரையில் தெரியும் சின்னமன் முகப்பு இரண்டிலும் ஒன்றே. அங்குதான் ஏமாறுகிறோம்.

தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் வீடியோ எடிட்டரின் புதிய பதிப்பு கேட்டார். அவருடையது எல்எம்டிஇ. நான் உபுண்டுவுக்கான குறிப்பைப் பார்த்து, உபுண்டுவின் மென்பொருள் களஞ்சியத்தை, அதாவது பொதிகளை இறக்கும் இணைய இடத்தை, சேர்த்தேன். கையொப்பம் தெரியவில்லை என்று, பொதிகளை நிறுவும் கருவியான ஆப்ட் தடுத்தது. கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவியையும் தேடிப் போட்டு அதன் வாயை அடைத்தேன். எடிட்டர் திறந்தது. கூடவே ஜிலிப்சி 2.31 போய் 2.35 வந்துவிட்டது. ஏறக்குறைய எல்லா நிரலும் சாய்ந்து நிற்கும் நூலகம் அது.

அடுத்த வாரம் அப்டேட் போட்டேன். நீக்கப்போகும் பொதிகளின் பட்டியலில் சின்னமனும் இருந்தது. படிக்காமல் சரி என்று தட்டினேன். திரை கறுத்துவிட்டது. பழைய பதிப்புக்கு இறங்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் கணினியை ஏற்றி, அவருடைய தேர்வுத் தாள்களைக் காப்பாற்றி, முழுவதும் திரும்பப் போட இரண்டு நாள் ஆனது. கூலியாக ஒரு வெள்ளிகூட வாங்க மனம் வரவில்லை.

ஆகவே முதலில் இடிசி (/etc) கோப்புறையில் உள்ள ஓஎஸ்-ரிலீஸ் (os-release) கோப்பைத் திறந்து பாருங்கள். டெபியனா, உபுண்டுவா என்று அதிலேயே இருக்கும். புதிய பதிப்பு வேண்டுமானால் ஃபிளாட்பேக் என்ற பொதி வடிவில் போடுங்கள். தனக்கு வேண்டிய நூலகங்களை அது தன்னோடு கொண்டுவரும். இல்லையென்றால், பழைய டெபியனுக்காகத் தயாரித்த புதிய பதிப்புகள் இருக்கும் டெபியனின் சொந்த பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் தேடுங்கள். கோளாறைக் கண்டுபிடிக்கும் ஜர்னல்சிடிஎல் (பதிவுகளைக் காட்டும்), எல்எஸ்பிசிஐ (வன்பொருளைப் பட்டியலிடும்) போன்ற கட்டளைகள் இரண்டிலும் ஒன்றுதான். அதுவரை உபுண்டுக் குறிப்பைத் தாராளமாகப் பின்பற்றலாம். களஞ்சியம் சேர்க்கும் வரி வந்ததும் நிறுத்திவிடுங்கள், தம்பி.

ஃபயர்ஃபாக்ஸ் புக்மார்க்கைப் பழைய இடத்தில் தேடுவது

உபுண்டுவில் 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப் என்ற பொதி வடிவில் வருகிறது. அதனால் புக்மார்க் ஸ்னாப் (snap) கோப்புறைக்குள் இருக்கிறது. மின்ட்டில் அப்படி இல்லை.

சூடோ வேலை செய்யவில்லை என்று திரும்ப நிறுவுவது

டெபியனை நிறுவும்போது ரூட் (நிர்வாகிக் கணக்கு) கடவுச்சொல் கொடுத்திருந்தால், முதல் பயனருக்கு சூடோ உரிமை, அதாவது நிர்வாகிக் கட்டளைகளை இயக்கும் உரிமை, தானாகக் கிடைக்காது. ரூட்டாக நுழைந்து அவரை சூடோ குழுவில் சேருங்கள்.